லாம்புக்காரன் நாலாம் பாகம் வருதாம்

1

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். முன்பு டயர் விற்ற கடையொன்றைத்தான் நாங்கள் இங்கே தொழுகை அறையாக மாற்றி வைத்திருக்கிறோம். வாசலில் எப்போதும் தள்ளுமுள்ளுதான். அவர் கம்பளைக்காரர். மொழி படிக்கும் விசாவில் ஜப்பானுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறதாம். அண்ணனை நானா என்பது எங்கள் பழக்கம், அப்படித்தான் கூப்பிட்டார்.

"நானா, நீங்கதானே மாத்தளை ரியாஸ் நானா? லாம்புக்காரன் நாலு வருதுன்னு மொதல்ல வெளிய விட்ட ஆளு?"

"அது வரல்ல தம்பி. வரவும் வராது. அது பொய்."

அவர் சிரித்தார். குரலைத் தாழ்த்தி, "வெளங்குது நானா. சொல்ல ஏலாதுன்னு எழுதி வாங்கியிருப்பாங்க" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. கிடைத்தபோது இந்த இலட்சணத்தில் கிடைத்திருக்கிறது. மாத்தளையிலும் அக்கம்பக்கத்திலும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்குமாக, நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் வாசிக்கலாம். இது கடைசியில் என் மகள் பாடசாலையில் தலைகுனிந்த கதைதான், குனிய வைத்தவன் நான்.

2

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மரக்கறிக் கடையின் மேல்மாடியில் அந்த கேம் கடை இருந்தது. அதைப் பற்றி எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்க முடியாத வெக்கை. கீழேயிருந்து அழுகின கோவா இலை நாற்றம். நடுவில் கரண்ட் போனால் போன நேரமும் நாங்கள் காசு கொடுத்த அரைமணியில்தான் சேரும். ஜப்பான்காரர்கள் விளையாடி அலுத்துக் கழித்துவிட்ட கேம் பெட்டிகள் கப்பலேறி வந்து அந்தக் கடையில் குந்தியிருந்தன. வட்டுகளும் ஜப்பான் மொழி வட்டுகளே. ஒரு எழுத்து எங்களுக்கு விளங்காது.

விளங்காவிட்டால் என்ன, விளையாட முடியாதா? மேலிருந்து இரண்டாவது வரி, பிறகு வட்டப் பட்டன். அடுத்த திரையில் மூன்றாவது வரி, மறுபடியும் வட்டம். நானும் என் கூட்டாளி பஸ்லானும் பள்ளிப் பாடத்தைக்கூட அப்படி மனனம் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தோட்டை பஸ்ஸில் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நாங்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதை என்று இன்றைக்குச் சிரிக்கலாம், அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய பதவி.

எங்கள் எல்லோருக்கும் பிடித்த கேம் ஒன்று இருந்தது. உண்மையான பெயரை வாசிக்கத் தெரியாததால் நாங்களே 'லாம்புக்காரன்' என்று பெயர் வைத்தோம். ஒருவன் கையில் லாம்பைத் தூக்கிக்கொண்டு மலைக் கிராமம் கிராமமாக நடப்பான். இருட்டில் வருகிற உருவங்களை அந்த வெளிச்சத்தால் விரட்டுவான். அவன் காணாமல் போன தம்பியைத் தேடுகிறான் என்று பஸ்லான் சொன்னான். அவன் சொன்னதே கதையாகிவிட்டது. இரத்தோட்டைக்காரர்களும் அந்தத் தம்பியைத்தான் தேடினார்கள்.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் லாம்புக்காரன் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் வந்து நிற்பான். லாம்பு அணையும். உடனே கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று யாருக்கும் தெரியாது. நாலாம் பாகம் வரும் என்று காத்திருந்தோம். கேமைச் செய்த சின்னக் கம்பெனி ஒரு பெரிய கம்பெனிக்குள் போய்க் கரைந்தது. பஸ்லான் பஸ் ஸ்டாண்ட் பக்கமாகவே போன் திருத்தும் கடை போட்டான். நான் ஜப்பானுக்கு வந்தேன். காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை.

3

நான் இருப்பது மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். பழைய வாகனங்களை உடைத்துப் பாகம் பாகமாக ஏற்றுமதி செய்யும் யார்டில் வேலை. வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழி முழுவதும் லாம்புக்காரன் பேசிக் கேட்டுக் கேட்டு மனனமானதுதான். நகரசபை அலுவலகத்தில் என் பதிவுத் தாளை நீட்டிய பெண்மணிக்கு அவன் கிராமத்துப் பெரியவருக்குச் சொல்லும் நன்றியைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து எனக்கு வணக்கம் சொல்ல வைத்தார். அது நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய பேச்சு என்று பிறகுதான் தெரிந்தது.

இருபது வருஷமாகிவிட்டது. பேச வரும், வாசிக்க வராது. யார்டில் அதற்குத் தேவையும் இல்லை. வீட்டுக்கு வரும் தாள்களை வாசிப்பவள் என் மகள் ஹனா. இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகட்டும் என்று பார்த்து வைத்த பெயர். ஒன்பது வயதிலிருந்து அவள்தான் எங்கள் வீட்டுக் காரியாலயம். விசா நீடிக்கும் படிவம், மருத்துவக் காப்புறுதிக் கடிதம், எந்தக் கிழமை எந்தக் குப்பை என்ற அட்டவணை எல்லாமே அவள் கையில் போகும். என் மனைவி ஸாஜிதாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன ஒப்பரேஷன் செய்தபோது, டொக்டர் சொன்னதை உம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவளும் அவள்தான். அப்போது பதினொரு வயது. அந்த வயதில் ஒரு பிள்ளை காதால் கேட்க வேண்டிய விஷயம் அல்ல அது. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு குளிர் மாரியில் பழைய சாமான் கடையொன்றில் அந்தப் பழைய பெட்டியையும் லாம்புக்காரன் மூன்று பாகங்களையும் கண்டு வாங்கிவந்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் நான் விளையாட, ஹனா பக்கத்தில் இருந்து திரையில் வருவதை வாசித்துச் சொல்வாள். முதல் பாகத்தின் பாதியில் அவள் நிறுத்தினாள்.

"வாப்பா, தம்பின்னு யாரும் இல்ல."

"தம்பிய தேடித்தானே போறான்?"

"இல்ல. இவரு காவல்காரர். நித்திரையாயிட்டாரு. ஊர்ல எல்லாரும் மௌத்தாயிட்டாங்க. அதுக்குத்தான் வீடு வீடா லாம்பு வெக்கிறாரு."

நான் போனை எடுத்து பஸ்லானுக்குச் சொன்னேன். அவன் முதலில் என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னான். பிறகு, "ஒன்ட மகள் பிழையா வாசிக்கிறா மச்சான்" என்றான். ஹனா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்த நாட்கள் அதிகமில்லை. இரண்டு மாரிகள் முழுவதும் எங்களுக்கு அந்தச் சனிக்கிழமைகள் இருந்தன.

பிறகு அவள் இடைநிலைப் பாடசாலைக்குப் போனாள். கேட்டால் ஜப்பான் மொழியில் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். பாடசாலையில் கொடுக்கும் சாப்பாடு ஹலால் இல்லாததால், மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஒரே பிள்ளை. வகுப்பில் அயா என்று ஒருத்தி மட்டும் இவளோடு சேர்ந்தாள். சேரக் காரணம், இவள் பேசிப் பேசி அவளுக்கும் லாம்புக்காரன் பைத்தியம் பிடித்ததுதான். அயாவின் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். ஹனா கேம் பெட்டியைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் பிள்ளைக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது என்று பேசாமல் இருந்தேன்.

4

பஸ்லான் இதற்கிடையில் இணையத்தில் கேம் செய்திக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவான். செய்தி என்று பெயர்தான். இந்த உலகத்தில் செய்தி அபூர்வம், வதந்திதான் மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் தேடி விளம்பரம் போட்டால், அதிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் காணொளி போடுவார்கள். பழைய கேமுக்கு இசை போட்டவர் தன் தேத்தண்ணிக் கோப்பையைப் படம் எடுத்துப் போட்டால், கோப்பைக்குப் பின்னால் தெரியும் தாளைப் பெருப்பித்துப் பார்ப்பார்கள். 'உள்ளே இருந்து கிடைத்த தகவல்' என்று சொல்பவன் பத்துக்கு ஒன்பது பிழை விடுவான். ஒன்று சரி வந்ததும் அவன் ஞானியாகிவிடுவான்.

உண்மையில் வந்தது என்ன? பழைய கேமுக்குப் புதுப் பெயின்ட் அடித்து முழு விலைக்கு விற்கிறார்கள். பாதி வெந்ததை இன்றைக்குத் தந்துவிட்டு மீதியைப் பிறகு இணையத்தில் அனுப்புகிறார்கள். வட்டுப் போடும் வாயையே அடைத்துவிட்ட பெட்டிகள் வருகின்றன. நாம் வாங்கிவிட்டோம் என்று நினைத்திருக்கும் கேம், அவர்கள் கடையை மூடும் நாளில் அவர்களோடு போய்விடும். நன்றாக ஓடிய கேமைச் செய்தவர்களையே அடுத்த மாதம் வேலையை விட்டு அனுப்புகிறார்கள். இதில் எதுவும் வதந்தி இல்லை, எல்லாவற்றையும் அறிவித்துவிட்டே செய்கிறார்கள். பஸ்லானின் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச ஒருவரும் வருவதில்லை.

அவன் கிழமைக்கு ஒரு தடவை எனக்குப் போன் எடுப்பான்.

"நீ அங்கதானே மச்சான் ஈக்கிற. என்னமோ கேள்விப்பட்டா செல்லேன்."

"நான் கார் ஒடைக்கிறவன்டா. எனக்கு யார் சொல்றது?"

"ஜப்பான்ல ஈக்கிற ஒனக்குத் தெரியாம இங்க மாத்தளை கொங்காவெலயில ஈக்கிறவனுக்கா தெரியும்?"

வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது ஊரில் மாறாத நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். இங்கே எட்டு வயதுப் பிள்ளைகூட எனக்குப் பெயர்ப்பலகை வாசித்துக் காட்டும். ஒரு இடத்திலாவது நான் விஷயம் தெரிந்தவன்.

அந்தக் கிழமை வீட்டில் ஒரு சண்டை. நகரசபையிலிருந்து வந்த கடிதத்தை ஹனாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இருபது வருஷம் வாப்பா. இருபது வருஷம்" என்று மட்டும் சொன்னாள். தமிழில் சொன்னாள், எனக்கு நன்றாக விளங்கட்டும் என்று.

இனி அவளிடம் எந்தத் தாளையும் நீட்டுவதில்லை என்று எனக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அந்தப் பழைய சாமான் கடைக்குத் தனியாகப் போனேன். லாம்புக்காரனும் அதே கம்பெனியின் மற்ற கேம்களும் இருக்கும் தட்டு முழுவதும் வெறுமையாக இருந்தது. ஒரு வட்டுக்கூட இல்லை. பக்கத்துத் தட்டுகளில் எல்லாம் அப்படியே இருந்தன.

ஊரில் வளர்ந்தவனுக்கு வெறும் தட்டைப் பார்த்தால் என்ன தோன்றும்? பால்மா தட்டில் இல்லையென்றால் நாளைக்கு விலை கூடப்போகிறது, கடைக்காரனுக்கு முதல் நாளே தகவல் வந்துவிட்டது, சாமானை உள்ளே எடுத்துவிட்டான். காஸ், சீனி, பெற்றோல் எல்லாவற்றிலும் நாங்கள் கற்ற பாடம் அதுதான். பத்திரிகையைவிட எங்களுக்குக் கடைத்தட்டு சீக்கிரம் செய்தி சொல்லும். கஷ்ட காலத்தில் அந்த வாசிப்புத் தெரியாத வீட்டில் அடுப்பு எரியவில்லை. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே மொழியில் அந்தத் தட்டு பேசியது. புதுசு வருகிறது, விலை ஏறப்போகிறது, இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, பழையதை ஒளித்துவிட்டார்கள்.

தட்டின் கீழ் ஓரத்தில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. போனைக் காட்டினால் மொழிபெயர்க்கும், தெரியும். எனக்கு அது தேவைப்படவில்லை. விஷயம்தான் விளங்கிவிட்டதே. படம் எடுத்து பஸ்லானுக்கு அனுப்பினேன். 'றாக்கை முழுக்கக் காலி. சாமான ஒளிச்சிட்டாங்க. நாலு வரப்போகுது போல' என்று கீழே எழுதினேன். ஒரு 'போல' போட்டேன். அந்தச் சொல் மாத்தளை போய்ச் சேரவில்லை.

5

பஸ்லான் தன் பக்கத்தின் பெயர்ப்பட்டையைப் படத்தின் கீழே ஒட்டித்தான் எதையும் போடுவான். அந்தப் பட்டை சரியாக அந்தத் தாளை மூடிக்கொண்டது. 'ஜப்பானில் இருக்கும் எமது விசேட நிருபர்' என்று என்னை எழுதியிருந்தான். யாரோ அதை ஆங்கிலத்தில் தூக்கினார்கள். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போனது. ஒரு கடை பல கடைகளாகி, பல கடைகள் நாடு முழுவதும் ஆனது. பத்து நாளில் அது ஜப்பான் மொழிக்கே திரும்பி வந்தது, 'வெளிநாட்டு வட்டாரத் தகவல்' என்ற பெயரில்.

நான் வேலை முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தேன். ஹனா ஓடிவந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாக என்னிடம் வருகிறாள்.

"வாப்பா, பாருங்க! நாலு! நாலாவது!"

போனில் என் படம். நான் எடுத்த கோணம், நான் பார்த்த தட்டு. சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் அவள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"மெய்யா வாப்பா? உங்களுக்கு என்ன நெனைப்பு?"

"மெய்யாத்தான் இருக்கும் மகள். ஊர்ல என்ட கூட்டாளி ஒருத்தனுக்கு அந்தக் கம்பெனிக்குள்ள ஆள் ஈக்கு. அவனும் சொன்னான்."

நாக்கு தானாகப் பேசிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். யோசித்துத்தான் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, என் மகள் கண்ணில் ஒரு தடவையாவது விஷயம் தெரிந்த வாப்பாவாக நிற்க வேண்டும் என்ற ஆசை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் தமிழில் பேசினாள். ஸாஜிதா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் அவள் வகுப்பில் சொல்லிவிட்டாள். 'என் அப்பாவுக்கு உள்ளே ஆள் தெரியும்' என்று. நம்பாதவர்களிடம் வாதாடியும் இருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

6

பெரிய கம்பெனி தன் புதுக் கேம்களை அறிவிக்கும் நேரடி ஒளிபரப்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருந்தது. அயாவின் வீட்டில் கூடிப் பார்ப்பதென்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஹனாவை ஒரு ஜப்பான் வீட்டுக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. ஸாஜிதா வட்டிலப்பம் அவித்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். ஹனா மூன்று தடவை சட்டை மாற்றினாள்.

நான் வீட்டில் இருந்து போனில் பார்த்தேன். கார் ஓட்டப் போட்டி ஒன்று. பழைய கேம் நான்கைப் புதுப்பித்திருந்தார்கள். ஏதோ ஒரு மீன்பிடி விளையாட்டு. ஒவ்வொரு தடவை திரை இருளும்போதும் இதோ லாம்பு தெரியப்போகிறது என்று நானும் நினைத்தேன். நானே கட்டிவிட்டதை நானே நம்பிக்கொண்டிருந்தேன், என்னைவிட மடையன் யார்? நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

அவள் வந்தபோது வட்டிலப்பப் பெட்டி பாரம் குறையாமல் இருந்தது. யாரும் ஏசவில்லையாம். 'பரவாயில்லை' என்று எல்லோரும் சொன்னார்களாம். இந்த ஊரில் அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று இருபது வருஷத்தில் அதையாவது நான் கற்றிருக்கிறேன். திங்கட்கிழமை மதியம் அயா தன் கதிரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருவன் இவளைப் பார்த்து 'பொய்க்காரி' என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவளுடைய வாப்பாவுக்கு ஆளையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது என்று இன்னொருத்தி சொன்னாளாம். அது மட்டும் உண்மை.

மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் அவளை மேசைக்குக் கூப்பிட்டு, என் போனில் இருந்த முழுப் படத்தைக் காட்டினேன்.

"இது நான் எடுத்தது மகள். கம்பெனிக்குள்ள எனக்கு யாரையும் தெரியாது. நான் பொய் சொன்னேன்."

அவள் படத்தைப் பெரிதாக்கி, கீழே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். பாடசாலையில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் வாசிப்பதுபோல் வாசித்து, பிறகு தமிழில் சொன்னாள்.

"சுவரால தண்ணி கசியுது. அதால இந்தத் தட்டுச் சாமான் எல்லாம் ரெண்டாம் மாடியில ஈக்கு. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

போனைத் திருப்பித் தந்தாள். "என்னக் கேட்டிருந்தா வாசிச்சிருப்பேனே வாப்பா" என்றாள். ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

அன்றைக்கே பஸ்லானின் பக்கத்தில் எழுதினேன். படம் நான் எடுத்தது, சுவரில் தண்ணீர் கசிந்ததால் சாமானை மேலே ஏற்றியிருக்கிறார்கள், கேம் ஒன்றும் வரவில்லை, என் பிழை. ஒரு மணித்தியாலத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. 'நானாவ பயங்காட்டிட்டாங்க போல.' 'கம்பெனி வாய அடைச்சிட்டான்.' 'அப்ப மெய்தான்.' வதந்திக்கு இல்லாத பலம் என் மறுப்பால் அதற்கு வந்துவிட்டது. பஸ்லான் சந்தோஷத்தில் போன் எடுத்தான்.

"மச்சான், இப்பிடிக் கூட்டம் ஒரு நாளும் வந்ததில்ல. இன்னொருக்கா மறுத்து எழுதேன்!"

நான் போனை வைத்துவிட்டு ஹனாவிடம் போனேன். "எழுதிட்டேன் மகள். என்ட பிழைதான்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"என்ன மொழியில?"

"தமிழ்லதான்."

"அயாவுக்குத் தமிழ் தெரியுமா வாப்பா?"

பாடசாலைக்கு வந்து பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றாள். அப்படியென்றால் அயாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் விளங்கியது, இந்த வீட்டில் ஜப்பான் மொழி எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் எழுதினால் அது அவளுடைய கையெழுத்து. அயாவுக்கு அது தெரியும். தன்னைக் காப்பாற்றத் தானே எழுதிய இன்னொரு பொய் என்றுதான் நினைப்பாள்.

ஆகவே நானே எழுதினேன். சொல்ல வேண்டியதைத் தமிழில் போனுக்குச் சொல்லி, அது காட்டிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். எத்தனை கோடு, எந்தக் கோடு முதலில், ஒன்றும் தெரியாது. இஞ்சினைத் தனியாகக் கழற்றும் இந்தக் கைக்கு ஒரு பென்சில் அடங்கவில்லை. மூன்று பின்னேரம் போனது. ஏழு வரி. ஹனா பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது நான், அவளை மன்னியுங்கள், அவளோடு பேசுங்கள். கீழே என் பெயர்.

ஹனா நின்றபடியே வாசித்தாள். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஸாஜிதா அவள் மேசை லாச்சியில் கத்தரிக்கோல் தேடியபோது கடிதம் அங்கேயே இருந்தது. நான் ஹனாவிடம் கேட்டேன். அவள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குடுக்க ஏலாது வாப்பா."

"ஏன்? பிழையா எழுதியிருக்கேனா?"

"சின்னப் புள்ளையிட எழுத்து மாதிரி ஈக்கு." கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "இதப் பாத்தா உங்களப் பத்திச் சிரிப்பாங்க. என்னப் பத்திச் சொல்றது பரவாயில்ல."

அவள் இன்றைக்கும் பொய்க்காரி என்ற பெயரோடுதான் பாடசாலை போய் வருகிறாள். மதியத்தில் தனியாகச் சாப்பிடுகிறாளாம். கடிதம் லாச்சியில்தான் இருக்கிறது. என்னைக் காப்பாற்றுகிறாளா, என்னை நினைத்து வெட்கப்படுகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது. இதையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.